எழுந்து நிற்றல்: வன்னி முஸ்லிம்களின் வரலாறும் மார்க்கத்தின் மானுட முகமும்

வடமாகாண முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றைத் தொகுத்துப் பார்க்கும் எவருக்கும் ஒரு விடயம் கண்ணில் படும். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவும், மன்னாரின் எருக்கலம்பிட்டியும் முசலியும் அந்த எழுத்துகளில் கணிசமான இடத்தைப் பெற்றிருக்கின்றன. முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், கிளிநொச்சி மாவட்டத்தின் நாச்சிக்குடா போன்ற ஊர்கள் ஓரிரு வரிகளோடு கடந்து செல்லப்படுகின்றன. தொகையில் குறைந்தவர்கள், சிதறி வாழ்ந்தவர்கள், பெரும்பாலும் வயலையும் கடலையும் சிறு கடைகளையும் நம்பியிருந்தவர்கள் என்பது இதற்குக் காரணமாகலாம். சிறுபான்மைக்குள்ளும் ஒரு சிறுபான்மையாக அவர்கள் இருந்தார்கள். ஆயினும் இஸ்லாம் என்பது வணக்க வழிபாடுகளுக்கு அப்பால் எதைக் குறிக்கின்றது என்ற கேள்விக்கு விடை தேடுகையில், என் மனம் அந்தச் சிறிய ஊர்களையே நாடிச் செல்கின்றது.

நான் வன்னியில் பிறந்தவனல்லன். அந்த மக்களின் சாட்சியங்களை வாசித்தவன், கேட்டவன் என்ற அளவிலேயே இதனை எழுதுகிறேன். எனவே அவர்களது துயரத்துக்கு உரிமை கோருவது என் நோக்கமல்ல. அத்துயரத்திலிருந்து எமது மார்க்க விளக்கம் எதைக் கற்றுக்கொண்டது என்று கேட்பதே நோக்கம்.

*

வன்னி முஸ்லிம்களை வியாபாரத்துக்காக வந்து தங்கியவர்கள் என்று மட்டும் சித்திரிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. முள்ளியவளையை அண்டிய ஊர்களில் அவர்கள் நெல் விதைத்தார்கள், மாடு வளர்த்தார்கள். நாச்சிக்குடாவில் கடற்றொழில் செய்தார்கள். வவுனியா மாவட்டத்தின் பட்டாணிச்சூர், சாளம்பைக்குளம், சூடுவெந்தபுலவு போன்ற இடங்களில் குளத்தையும் வயலையும் சுற்றியே அவர்களது வாழ்வு அமைந்திருந்தது. முல்லைத்தீவு 1978இல் தனி மாவட்டமாகவும், கிளிநொச்சி 1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகவும் ஆன பின்னரும், நிர்வாக எல்லைகளைக் காட்டிலும் குளங்களும் காட்டுப் பாதைகளுமே இந்த மக்களின் உறவுகளைத் தீர்மானித்தன. ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சுபவர்கள் ஒருவரை ஒருவர் அறியாமல் வாழ முடியாது. கிழக்கிலே தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்பார்கள். வன்னியில் அந்தப் பழமொழிக்குத் தேவையே இருந்திருக்காது. அங்கே அது அன்றாட வாழ்வாகவே இருந்தது.

இதைச் சொல்லும்போது கடந்த காலத்தை மிகைப்படுத்தி அழகு பார்க்கும் பழக்கத்துக்கு நாம் ஆளாகிவிடக் கூடாது. காணியிலும் கடையிலும் சந்தையிலும் போட்டியும் பொறாமையும் இருந்திருக்கும். மனிதர் வாழும் இடத்தில் அவை இல்லாமலிராது. ஆனால் அயலவர் மீதான மனத்தாங்கல் வேறு, அயலவர் என்ற உறவையே ஆணையிட்டு ஒழித்தல் வேறு. 1990இல் நடந்தது இரண்டாவது.

அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே யுத்தம் மீண்டும் மூண்டது. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். சில நாட்களில் ஏறாவூர். ஒக்டோபரில் வடக்கு. மாதத்தின் நடுப்பகுதியில் சாவகச்சேரியில் தொடங்கிய வெளியேற்றம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் எனப் பரவி 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரில் முடிந்தது. சில ஊர்களுக்குச் சில நாட்கள் தவணை கொடுக்கப்பட்டது. யாழ் நகரில் இரண்டு மணித்தியாலம். உடுதுணியும் சில நூறு ரூபாய்களும் தவிர வேறெதையும் கொண்டுசெல்ல அனுமதி இருக்கவில்லை. சுமார் 75,000 பேர் என்று பொதுவாகக் கணக்கிடப்படும் அந்த மக்களில் பெரும்பாலானோரின் முகவரி அதன் பிறகு புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களாயிற்று.

இங்கே ஊர்ப்பெயர் ஒன்று என்னை நீண்ட நேரம் யோசிக்க வைக்கின்றது. ஹிஜ்ராபுரம். மக்காவைத் துறந்து மதீனா சென்ற பயணத்தின் நினைவைச் சுமக்கும் பெயர் கொண்ட ஊரின் மக்கள், தாமே துரத்தப்பட்டார்கள். எமது மேடைகளில் இந்த வெளியேற்றத்தையும் 'ஹிஜ்ரத்' என்று சொல்லி ஆறுதல் தேடும் வழக்கமொன்று உண்டு. அந்த ஆறுதலின் தேவை எனக்கு விளங்குகிறது. ஆனால் அல்குர்ஆனின் மொழி இதிலே நிதானமானது. ஸூறதுல் ஹஜ்ஜின் 39ஆம், 40ஆம் வசனங்கள், நியாயமின்றித் தம் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டோரைப் பற்றிப் பேசுகின்றன. வெளியேற்றம் அங்கே ஓர் அநீதியாகவே பெயரிடப்படுகின்றது. அதற்குப் புனிதப் போர்வை போர்த்தப்படவில்லை. அதே வசனம் தொடர்ந்து, மனிதரில் சிலரைக் கொண்டு சிலரை அல்லாஹ் தடுக்காதிருந்தால் துறவிகளின் மடங்களும் தேவாலயங்களும் யூத ஆலயங்களும் பள்ளிவாசல்களும் தகர்க்கப்பட்டிருக்கும் என்ற கருத்தைச் சொல்கின்றது. அந்த வரிசையில் பள்ளிவாசல் இறுதியாகவே வருகிறது. தன் வீட்டை இழந்த முஸ்லிமைப் பற்றிப் பேசும் இடத்திலேயே பிறருடைய வணக்கத்தலங்களையும் இணைத்துப் பேசும் வேதம் எம்முடையது. இதனை எமது ஒக்டோபர் நினைவுக் கூட்டங்களில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்?

*

வெளியேற்றத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம் என்ன? சிலர் காட்டிக்கொடுத்தார்கள், அல்லது காட்டிக்கொடுக்கக் கூடும் என்ற சந்தேகம். ஒருவரின் குற்றத்துக்கு ஓர் இனம் முழுவதும் பொறுப்பு என்ற தர்க்கம் அது. ஓர் ஆத்மாவின் சுமையை இன்னோர் ஆத்மா சுமக்காது என்பது அல்குர்ஆன் பல இடங்களில் மீட்டும் கோட்பாடு. நவீன சட்டங்கள் கூட்டுத் தண்டனையைக் குற்றமாக வரையறுப்பதற்கு முன்னரே மார்க்கம் அதை மறுத்திருந்தது. இமாம் கஸ்ஸாலியும் பின்னர் இமாம் ஷாத்திபியும் ஷரீஆவின் நோக்கங்களாக விரித்துரைத்த ஐந்தை எடுத்துக்கொள்ளுங்கள்: மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, உடைமை. பள்ளிவாசல் பாழடைந்தது. பயணத்தில் பலவீனர்கள் மடிந்தனர். பிள்ளைகளின் படிப்பு முறிந்தது. ஊர்விட்டு ஊர் சிதறிய குடும்பங்களின் உறவுக் கிளைகள் முறிந்தன. வீடும் வயலும் தோணியும் பறிபோயின. ஒரே ஆணையில் ஐந்தும் மீறப்பட்டன. ஷரீஆவைக் குற்றவியல் தண்டனைகளின் பட்டியலாக மட்டும் அறிந்தவர்களுக்கு, அது மனிதனின் அடிப்படை உரிமைகளைக் காக்கும் ஏற்பாடு என்பதை விளக்க வன்னியின் இந்தக் கதை ஒன்றே போதும்.

ஆனால் இதே அளவுகோலை எம் பக்கமும் திருப்பியே ஆக வேண்டும். 1992 ஏப்ரல் 29ஆம் திகதி பொலன்னறுவை மாவட்டத்தின் அழிஞ்சிப்பொத்தானையில் முஸ்லிம் கிராமத்தவர் ஐம்பதுக்கு மேற்பட்டோர் புலிகளால் கொல்லப்பட்டனர். அன்றைய தினமே அயலிலுள்ள முத்துக்கல், கரப்பொல ஆகிய தமிழ்க் கிராமங்களில் பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் பழிவாங்கலில் கொல்லப்பட்டனர். அதில் முஸ்லிம் ஊர்காவற் படையினரின் பங்கு பதிவாகியுள்ளது. முதலாவதை எமது எழுத்துகள் நினைவுகூர்கின்றன. இரண்டாவதைப் பற்றி மௌனம். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்ற கருத்திலமைந்த ஸூறதுல் மாஇதாவின் 8ஆம் வசனம், பாதிக்கப்பட்டவனை நோக்கியே பேசுகின்றது. வெறுக்கக் காரணமில்லாதவனுக்கு அந்தக் கட்டளை தேவையில்லையே. காயம்பட்டவன் நீதியாயிருப்பதே இபாதத்தின் கடினமான வடிவம். அதற்கு வுழூ தேவையில்லை. கிப்லாவும் தேவையில்லை. ஆனால் எல்லாத் தொழுகைகளும் எம்மை எதற்காகப் பயிற்றுவிக்கின்றனவோ, அது இதுதான் என்று நான் கருதுகிறேன்.

இங்கே ஒரு தெளிவு அவசியம். சடங்குகளை இழிவாகப் பேசுவதற்கு இக்கட்டுரை எழுதப்படவில்லை. புத்தளத்துக் கொட்டில்களில் அந்த மக்களைச் சிதறாமல் காத்ததில் பாங்கோசைக்கும் ஜமாஅத்துக்கும் நோன்புக்கும் பெரும் பங்கு உண்டு. வெறுங்கையோடு வந்து சேர்ந்தவர்கள் முதலில் அமைத்தவற்றுள் தொழுகைக்கான இடமும் ஒன்று. என் கேள்வி வேறு. தொழுகையாளிகளுக்குக் கேடுதான் என்று எச்சரிக்கும் ஸூறதுல் மாஊன், அதன் காரணத்தைத் தேடி அநாதையின் வாசலுக்கும், அற்பப் பொருளைக்கூட அயலவனுக்குக் கொடுக்க மறுக்கும் கைக்கும் போகின்றது. கிழக்கையோ மேற்கையோ நோக்கி முகம் திருப்புவதில் மட்டும் நன்மை இல்லை என்ற கருத்து அல்பகறாவின் 177ஆம் வசனத்தில் இருக்கின்றது. சடங்கு பாத்திரம். பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே இருந்து, அதில் எதுவும் சமைக்காமல் விடுவதையே வேதம் கண்டிக்கின்றது.

புத்தளமே இதற்கு இரு பக்கமும் சான்றாகும். வந்தவர்களுக்குப் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தம் தென்னந்தோட்டங்களையும் திறந்துவிட்ட உள்ளூர் முஸ்லிம்கள், முஹாஜிரீன்களை வரவேற்ற மதீனத்து அன்ஸாரிகளை நினைவூட்டினார்கள். ஆனால் காலம் நீண்டது. தொழிலும் நிலமும் பல்கலைக்கழக அனுமதியும் போட்டிக்குரியவையாயின. 'அகதி' என்ற சொல் ஒரு நிலைமையைக் குறிப்பதிலிருந்து வசைச் சொல்லாக இறங்கியது. ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுதவர்களிடையேதான் அந்தச் சொல் புழங்கியது. எருக்கலம்பிட்டியில் பிறந்த பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் 2018இல் மறையும் வரை இந்த மக்களின் கணக்கையும் கதையையும் பதிவு செய்வதில் தன் புலமையைச் செலவிட்டார். இவர்களை மறக்கப்பட்ட மக்கள் என்று அவர் அழைத்ததில், மறந்தவர்கள் யார் என்ற கேள்வியும் அடங்கியிருந்தது.

*

2002 ஏப்ரல் 10ஆம் திகதி கிளிநொச்சியில் நடந்த சர்வதேச ஊடகவியலாளர் மாநாட்டில், வெளியேற்றம் நியாயப்படுத்த முடியாத தவறு என்ற கருத்தை அன்ரன் பாலசிங்கம் வெளியிட்டார். மூன்று நாட்களின் பின் வன்னியில் பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் உடன்பாடொன்றில் கையொப்பமிட்டனர். முஸ்லிம்கள் ஊர் திரும்பலாம் என்றார்கள். சிலர் சென்று பார்த்தார்கள். நிலைக்குமா என்ற அச்சத்தில் பலர் தயங்கினார்கள். 2004 டிசெம்பர் 26ஆம் திகதிய சுனாமி முல்லைத்தீவின் கரையை அள்ளிச் சென்றது. பின்னர் யுத்தம் மீண்டும் வந்தது.

2009 மே 18ஆம் திகதி முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்தது. முல்லைத்தீவு முஸ்லிம்களின் ஊர்களிலிருந்து அந்தக் கடற்கரை அதிக தூரத்தில் இல்லை. இறுதி மாதங்களில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் குறிப்பிட்டது. உயிர் பிழைத்த இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் முட்கம்பிகளுக்குள் அடைக்கப்பட்டனர். அவர்களில் பெருந்தொகையினர் இருந்தது வவுனியா மாவட்டத்தின் செட்டிகுளத்தில், மெனிக் பாம் முகாமில். அது 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் முஸ்லிம்கள் பொதிகளோடு நடந்த அதே வன்னி நிலத்தில், இப்போது தமிழர்கள் பொதிகளோடு நடந்தார்கள்.

அல்லாஹ் கொடுத்த தண்டனை என்று அப்போது சிலர் பேசிக்கொண்டதை நான் கேட்டிருக்கிறேன். மார்க்கத்தின் பெயரால் சொல்லப்பட்டவற்றுள் மார்க்கத்திலிருந்து மிகத் தொலைவில் நின்ற பேச்சு அது. ஷெல் வீச்சில் மாண்ட குழந்தை 1990இல் பிறந்திருக்கவே இல்லை. வெளியேற்றப்பட்டோரின் சாட்சியங்களில், அழுதுகொண்டு வழியனுப்பிய தமிழ் அயலவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஸூறதுல் மும்தஹனாவின் 8ஆம், 9ஆம் வசனங்கள் இந்த வேறுபாட்டையே வரையறுக்கின்றன. உங்களை வீடுகளிலிருந்து வெளியேற்றியவர்களும் வெளியேற்றாதவர்களும் ஒன்றல்லர். இரண்டாமவரோடு நன்மையாகவும் நீதியாகவும் நடப்பதற்குத் தடையில்லை என்பது மட்டுமல்ல, அப்படி நடப்போரை அல்லாஹ் நேசிக்கிறான் என்ற உத்தரவாதமும் அங்கே உண்டு. புலிகள் முஸ்லிம்களை ஒரே கூட்டமாகப் பார்த்தது அநீதி என்றால், நாம் தமிழரை ஒரே கூட்டமாகப் பார்ப்பதும் அநீதியே.

யுத்தத்தின் பின் திரும்பிய முஸ்லிம்களை வேறு சிக்கல்கள் எதிர்கொண்டன. ஒரு குடும்பமாகப் போனவர்கள் மூன்று நான்கு குடும்பங்களாகத் திரும்பினார்கள். பழைய காணி போதவில்லை. காடு மூடிய காணிக்கு ஆவணம் இல்லை. முள்ளியவளைப் பகுதியில் காடு வெட்டி முஸ்லிம்களுக்குக் காணி வழங்கும் முயற்சி 2013இல் தமிழ் மக்களின் எதிர்ப்பைச் சந்தித்தது. காணியற்ற தமிழ்க் குடும்பங்களும் அங்கே இருந்தன. பசித்த இருவருக்கு ஒரு கவளம் சோற்றைக் காட்டி, பசிக்கக் காரணமானவர் ஒதுங்கி நின்று பார்க்கும் நிலைமை அது. ஆயினும் வேறொரு திசையும் சாத்தியம் என்பதை ஒரு சட்டம் காட்டியது. யுத்தத்தால் தன் காணியை அணுக முடியாதிருந்தவரின் உரிமையைப் பத்து ஆண்டுகால ஆட்சி உரிமை விதி பறித்துவிடாமல் காக்க, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்துக்கு உரியது அது. அதனைத் தமிழரோ முஸ்லிமோ சிங்களவரோ எவரும் பயன்படுத்தலாம். பாதிப்பை அளந்து இனத்தை அளக்காத நீதி அது.

நபி (ஸல்) அவர்கள் இளமையில் பங்குபற்றிய 'ஹில்புல் புழூல்' உடன்படிக்கையும் அத்தகையதே. மக்காவில் யெமன் நாட்டு வணிகர் ஒருவரின் பொருளை வாங்கிய செல்வாக்குள்ளவர் பணம் கொடுக்க மறுத்தார். அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் அவருக்கு உரியது கிடைக்கும் வரை அவர் பக்கம் நிற்போம் என்று சில கோத்திரத்தார் ஒன்றுகூடிச் சத்தியம் செய்தனர். வஹீ இறங்குவதற்கு முன், முஸ்லிம்களே இல்லாத சபையில் நடந்த உடன்பாடு அது. நபித்துவத்தின் பின்னரும் அதனை மெச்சிய நபியவர்கள், அத்தகைய ஒன்றுக்கு இப்போது அழைக்கப்பட்டாலும் இணைவேன் என்ற கருத்தைச் சொன்னார்கள். மானுட விழுமியங்களை மேற்கத்தேயச் சரக்கு என்று ஒதுக்குவோர், இந்த ஸீறாப் பாடத்தை எங்கே வைப்பார்கள்?

*

2020 ஏப்ரலில் கொரோனாவால் இறப்பவர்களின் உடல்களை எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில், பிறந்து 20 நாட்களேயான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. கொழும்பு பொரளை மயானத்தின் வாசலில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினர். குளிப்பாட்டிக் கபனிட்டுத் தொழுது அடக்குதல் என்ற சடங்கு, ஒரு மனிதனின் கடைசிக் கௌரவம் என்பதை நாம் அப்போது உணர்ந்த அளவுக்கு முன்னர் உணர்ந்திருக்கவில்லை. 2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியில், கட்டாய எரிப்பை நிறுத்துமாறு தமிழர்களும் குரல் கொடுத்தனர். அதற்கு முந்திய மாதம் யாழ் பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டதைக் கண்டித்த கடையடைப்பில் முஸ்லிம்கள் கலந்துகொண்டிருந்தனர். தன் மையித்தை அடக்க முடியாதவனும், தன் இறந்தோருக்கு விளக்கேற்ற முடியாதவனும் ஒருவரை ஒருவர் இனங்கண்ட தருணம் அது.

மார்ச் 2ஆம் திகதி அரசு அறிவித்தது: முஸ்லிம்களின் உடல்களைக் கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவில் அடக்கலாம். 1992இல் தம் தீவிலிருந்து இடம்பெயர்ந்து, பெருநிலத்தில் காத்திருந்து சலித்து, 2018 ஏப்ரலில் தாமே படகேறித் திரும்பிச் சென்ற கத்தோலிக்க மீனவ மக்களின் ஊர் அது. அவர்கள் எதிர்த்தார்கள். மக்கள் தம் சொந்த ஊர்களிலேயே அடக்கப்பட வேண்டும் என்பதே எம் உரிமைக் கோரிக்கையும் அல்லவா? அந்த எதிர்ப்பை முஸ்லிம் விரோதமாகக் காட்டும் வாய்ப்பு இருந்தது. பெரும்பாலானோர் அதற்கு இடங்கொடுக்கவில்லை. அகதி வாழ்வு கண்டவர்களையே அகதி வாழ்வு கண்டவர்களோடு மோதவிடும் ஏற்பாடு அது என்பது விளங்கியிருந்தது. மார்ச் 5ஆம் திகதி முதல் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அங்கே உறங்கும் மூவாயிரத்துக்கு மேற்பட்டோரில் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். அவர்களோடு பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவரும் இருக்கின்றனர். கட்டாய எரிப்புக்காக அமைச்சரவை 2024 ஜூலையில் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

ஸஹீஹுல் புகாரியில் பதிவான சம்பவம் ஒன்று உண்டு. காதிஸிய்யாவில் இரு ஸஹாபாக்கள் அமர்ந்திருந்தபோது ஜனாஸா ஒன்று கடந்து சென்றது. எழுந்து நின்றார்கள். இறந்தவர் இந்நாட்டு மக்களில் ஒருவர், முஸ்லிமல்லர் என்று சொல்லப்பட்டது. நபியவர்கள் ஒரு யூதரின் பிரேதம் கடந்தபோது எழுந்து நின்றதையும், வினவியவர்களிடம் அதுவும் ஓர் உயிரல்லவா என்ற கருத்தில் மறுமொழி சொன்னதையும் அவர்கள் எடுத்துரைத்தார்கள். மதீனாவில் கற்றதை இராக்கின் மண்ணில், அந்நியர் நடுவில், ஒரு தலைமுறை கழிந்தும் அவர்கள் மறக்கவில்லை. எமது மத்ரஸாக்களில் ஜனாஸாத் தொழுகையின் நான்கு தக்பீர்களையும் பிழையின்றிக் கற்பிக்கிறோம். இந்த எழுந்து நிற்றலையும் அதன் ஒரு பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தண்ணீரூற்றிலும் முள்ளியவளையிலும் இன்று வாழ்வோருக்கு ஆண்டில் இரு துக்க மாதங்கள் உண்டு. தமிழருக்கு மே. முஸ்லிம்களுக்கு ஒக்டோபர். இரண்டும் ஒரே மண்ணின் துக்கங்கள், ஆனால் தனித்தனியே அனுஷ்டிக்கப்படுகின்றன. வெளியேற்றம் இனச்சுத்திகரிப்பே என்று பகிரங்கமாகச் சொன்ன தமிழ் அரசியல்வாதி ஒருவர், எம்.ஏ. சுமந்திரன், அதற்காகத் தன் சமூகத்துக்குள்ளேயே கண்டனங்களைச் சந்தித்தார். அது ஒருவகை எழுந்து நிற்றல். மே 18ஆம் திகதி முள்ளிவாய்க்காலில் கஞ்சி பரிமாறப்படும்போது, அண்டையிலுள்ள பள்ளிவாசலின் நிர்வாகிகள் சென்று ஓர் ஓரத்தில் நிற்பதற்கு எந்த பத்வாவும் தேவையில்லை. ஒக்டோபரில் அயல் ஊர்த் தமிழர் பள்ளிவாசல் முற்றத்துக்கு வந்து அமர்வதற்கும் எந்த உடன்படிக்கையும் தேவையில்லை. இரண்டு ஊர்களுக்கும் இடையிலுள்ள தூரம் சைக்கிளில் போகக்கூடியதுதான்.